யார் சொன்னது? லயத்து வீட்டிலிருந்து புலனக் குழு வரை

சிம்பாங் பூலாய்: காலை ஆறு மணிக்கெல்லாம் கைப்பேசி சத்தமிடத் தொடங்கி விடுகிறது. குடும்பப் புலனக் குழுவில் முருகன் படத்தோடு ஒரு காலை வணக்கம். கோயில் குழுவில் திருவிழா அறிவிப்பு. ஏழு மணிக்குள் ஒரு குரல் பதிவு: "எல்லாருக்கும் அனுப்புங்க, அரசாங்கம் நம்ம ஆளுங்களுக்குப் பணம் கொடுக்குது, கீழே இருக்கிற லிங்க்ல பேரைப் பதிஞ்சா போதும்." அனுப்பியது சின்னம்மா. சின்னம்மாவுக்கு அனுப்பியது அவருடைய பழைய தோட்டத்துத் தோழி. தோழிக்கு அனுப்பியது யார்? அங்கே நூல் அறுந்து விடுகிறது.

ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் இந்தச் சந்தி இன்று கேமரன் மலைக்குத் திரும்பும் வழி, நெடுஞ்சாலையில் இறங்கும் வழி. சுற்றுவட்டாரத் தாமான்களில் வாழும் தமிழர்களில் பலருடைய பெற்றோரோ தாத்தா பாட்டியோ கிந்தா பள்ளத்தாக்கின் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். அந்தத் தலைமுறை எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "யார் சொன்னது?" செய்தி என்ன என்பதைவிட, அதைக் கொண்டு வந்த வாய் எது என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். நூறு ஆண்டுகளில் நம் சமூகத்தில் நுழைந்த ஒவ்வொரு புதுக் கருவியும் இந்தக் கேள்விக்கான பதிலை மாற்றியிருக்கிறது.

தோட்டத்தில் தொடக்கத்தில் அந்தப் பதில் கங்காணி. ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர்; யாருக்கு எந்த வெட்டு, யாருக்கு எவ்வளவு கடன் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். கடிதம் எழுதவும் வந்த கடிதத்தைப் படிக்கவும் கிராணியிடம் போக வேண்டும். மனைவிக்கு எழுதும் கடிதத்தில் உள்ள கஷ்டத்தையும் கிராணி அறிந்திருப்பார். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கி விடும். சாவுக்குத்தான் தந்தி என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். எழுத்து தெரிந்தவர் கையில் அதிகாரம் இருந்தது. அவர் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை.

அந்தப் பூட்டை முதலில் அசைத்தவை பள்ளிக்கூடமும் பத்திரிகையும். பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். அந்த ஆசிரியரும் பாதி நேரம் கிராணி வேலை பார்ப்பார். ஆனாலும் அங்கிருந்து வந்த பிள்ளை, மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படித்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசும் இப்படித்தான் படிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்து எட்டின. ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு, இருபது பேர் வாதாடினார்கள். அந்த வாதாட்டம்தான் முக்கியம். அதைப் பின்னால் பார்ப்போம்.

புதுக் கருத்துகளும் அதே வழியில் வந்தன. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி, ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்து கொண்டார். சாதி, சடங்கு, கள் ஆகியவை பற்றி மேடையில் பேசியது பத்திரிகை வழியாகத் தோட்டத்துக்குள் போனது. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக எழுந்தபோது, "தொரை சொல்லிட்டாரு" என்பது கடைசி வார்த்தையாக இருந்த காலம் முடியத் தொடங்கியிருந்தது.

பிறகு வானொலி. மலாயா வானொலி 1946இல் தொடங்கியது. டிரான்சிஸ்டர் பெட்டி மலிவான பிறகு லயத்துக்கு லயம் பாட்டுக் கேட்டது. இன்று மின்னல் எஃப்எம் என்று அறியப்படும் தமிழ் ஒலிபரப்பு, படிக்கத் தெரியாத பாட்டிக்கும் உலகச் செய்தியை நேரடியாகக் கொடுத்தது. இடையில் கிராணி இல்லை. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. தோட்டங்களில் அது கூடிப் பார்க்கும் பொருளாகப் பல ஆண்டுகள் இருந்தது. "ரேடியோவில் சொன்னாங்க" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பேசுபவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு நிலையம் இருந்தது, தவறு சொன்னால் திருத்தம் சொல்லும் கடமை இருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் ஒரு கருவியால் வரவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள், 1985இல் ஈய விலை சரிந்தபோது கிந்தாவின் சுரங்கங்களும் ஓய்ந்தன. லயத்து மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். வீடு நல்ல வீடுதான், குழாய்த் தண்ணீர், மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனால் ஒரு செய்தியைக் கேட்டவுடன் சுவருக்கு அப்பால் "ஏன்டி, இது நெஜமா?" என்று கேட்க அடுத்த வீட்டு அக்கா இல்லை.

அந்த இடைவெளியில்தான் கைப்பேசி வந்தது. அதில் தமிழ் வந்த கதையில் மலேசியாவுக்குப் பெருமையான பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு மென்பொருள் கணினியில் தமிழ் எழுத வைத்தது. 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வைத்தது. கடிதம் எழுத கிராணியிடம் போன சமூகத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

ஆனால் தோட்டத்துப் பாட்டிகளின் கையில் கைப்பேசியைக் கொண்டு சேர்த்தது எழுத்தல்ல, குரல். 2013இல் புலனத்தில் குரல் பதிவு வசதி வந்தது. அழுத்திப் பிடித்துப் பேசினால் போதும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர் சிங்கப்பூரில் வேலை செய்யும் பேரனுக்குத் தினமும் "சாப்டியாப்பா" என்று கேட்க முடிகிறது. இதைக் குறை சொல்பவர்கள் அந்தப் பாட்டியின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிக்கலும் அதே குரலில்தான் இருக்கிறது. கடிதத்தைச் சந்தேகிப்பவர்கூட சின்னம்மாவின் குரலைச் சந்தேகிப்பதில்லை. அவர் வெறுமனே கடத்திவிட்ட செய்திக்கும் அவருடைய நம்பகத்தன்மை ஒட்டிக்கொள்கிறது. 2019இல் புலன நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதபடி உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கடத்தப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கே அனுப்ப முடியும் என்றாக்கியது. செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். ஆனால், குழுவில் வந்ததைப் பொய் என்று தெரிந்தாலும் பெரியவர்களை மறுத்துப் பேச இளையவர்கள் தயங்குகிறார்கள். லயத்து வாசலில் பத்திரிகை படித்தபோது இருந்த வாதாட்டம் இங்கே இல்லை. கைகூப்பும் பொம்மையோடு முடிந்து விடுகிறது.

இந்த இடத்தில் கூட்டு கட்டிய கதையை நினைத்துப் பார்க்கலாம். 1971ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. சட்டப்படி அதைத் தொழிலாக நடத்துவது குற்றம். ஆனாலும் தோட்டத்தில் கூட்டு எப்படி நடந்தது? எழுதி வைத்த ஒப்பந்தம் இல்லை. பணம் பிடிப்பவரின் வீடு தெரியும், அவருடைய மாமியாரைத் தெரியும், கோயிலில் அவர் எங்கே நிற்பார் என்பதும் தெரியும். ஓடினால் எங்கே ஓடுவார்? அப்படியும் ஓடியவர்கள் உண்டு, அது வேறு கதை. நம் பெரியவர்களின் மனதில் பண விஷயம் முகத்தோடு கட்டப்பட்டிருந்தது.

இன்றைய மோசடிக்காரர் அந்த முகத்தைக் கடன் வாங்குகிறார். மக்காவ் மோசடி என்று போலீஸ் சொல்லும் வகையில், அழைப்பவர் போலீஸ், நீதிமன்றம், வரி வாரியம், வங்கி அல்லது கூரியர் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார். "உங்கள் அடையாள அட்டை எண்ணில் வழக்கு இருக்கிறது" என்று பயமுறுத்துவார். அடுத்த கட்டம்தான் கவனிக்க வேண்டியது: "விசாரணை ரகசியம், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள், போனை வைக்காதீர்கள்." அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்க விடாமல் பிரிப்பதே முழுத் தந்திரம். தொலைபேசியில் வழக்கு விசாரித்து, பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லும் வழக்கம் எந்தப் போலீஸ் நிலையத்திலும் இல்லை.

இன்னொரு வகை, கல்யாணப் பத்திரிகை என்று புலனத்தில் வரும் கோப்பு. படமாக இல்லாமல், பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, கைப்பேசியில் நிறுவப்படும் செயலி. நிறுவினால் குறுஞ்செய்தியில் வரும் வங்கிக் கடவு எண்களை அது படித்து விடும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மறுக்காத சமூகத்திடம் இந்த வலை நன்றாகவே வேலை செய்கிறது. எஸ்டிஆர் போன்ற உதவித்தொகைக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையத்தளம் இருக்கிறது. யாரோ கடத்திய இணைப்பு வழியாகப் பதிய வேண்டிய அவசியமே இல்லை. வேலையில்லாத இளைஞர்களுக்கு வேறு தூண்டில்: வங்கி அட்டையைக் கொடுத்தால் சில நூறு வெள்ளி. அப்படி வாடகைக்கு விட்ட கணக்கில்தான் பாட்டியின் சேமிப்பு போய் விழுகிறது. கணக்கின் சொந்தக்காரர் நீதிமன்றத்தில் நிற்க நேரிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து விட்டது. 3 விநாடிக் குரல் மாதிரி இருந்தால் அதே குரலில் எதையும் பேச வைக்கலாம் என்று மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் காட்டினார்கள். ஒரு குரல் பதிவு அதைவிட நீளம். "யார் சொன்னது?" என்ற கேள்விக்கு "நானே காதால் கேட்டேன்" என்பது இனிப் போதிய பதில் அல்ல.

பதற்றத்தோடு பணம் கேட்டு வரும் அழைப்பு மகன் குரலில் இருந்தாலும், துண்டித்து விட்டு, கைப்பேசியில் ஏற்கெனவே பதிந்திருக்கும் அவன் எண்ணுக்கு நாமே திரும்ப அழைக்க வேண்டும். குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக் கொள்ளலாம்: பழைய லயத்தின் எண், செத்துப்போன நாயின் பெயர், எதுவானாலும் சரி, அதைப் புலனத்தில் எழுதாமல் நேரில் சொல்லிக் கொள்ள வேண்டும். பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதில் இல்லாத எண் நல்ல எண் என்று பொருளல்ல, இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள்.

பணம் போய் விட்டால் வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய இழப்பு. மோசடிப் பணம் ஒரு கணக்கில் தங்காது. அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும். அது தாவும் முன் பிடிப்பதற்காகவே 2022 அக்டோபரில் தேசிய மோசடி பதிலளிப்பு மையம் தொடங்கப்பட்டது. எண் 997. உடனே அதற்கோ உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ அழைத்து, பிறகு போலீஸ் புகார் செய்ய வேண்டும். எந்த வங்கி, எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு வெள்ளி என்ற விவரங்களைக் கையில் வைத்துக் கொண்டு அழைப்பது நல்லது. பாட்டியால் பேச முடியாவிட்டால் பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பேச உதவலாம். திட்டுவதை மறுநாளைக்கு வைத்துக் கொள்ளலாம்.