இதயத்தில் குறையில்லை என்ற பிறகு

கெக் லோக் சி ஆலயத்தின் நிழலிலும் கொடிமலையின் அடிவாரத்திலுமாகப் பரந்து கிடக்கும் பினாங்கின் ஆயர் ஈத்தாமில், நெஞ்சை அடைக்கிறதென்றும் காற்று ஏறிக்கொண்டதென்றும் சொல்லிக் கோடாலித் தைலத்தைத் தடவிக்கொண்டு வீட்டு வேலையைத் தொடர்கிற ஸ்திரீகள் அரியரல்லர். உபாதை மிஞ்சிப் பினாங்குப் பொது மருத்துவமனைக்குச் சென்று, இருதயத்தில் யாதொரு குறையுமில்லை என்ற சொல்லோடு திரும்பி, அதன்பின்னும் மாதக்கணக்கில் அதே வலியைச் சுமப்பவர்களும் அவர்களுள் உண்டு. இதயத்தில் குறையில்லை என்பதற்கு வலியே இல்லை என்று பொருளல்ல என்பதை அவர்களுக்கும், அவர்களைவிட அதிகமாக அவர்கள் குடும்பத்தாருக்கும் சொல்லவேண்டியிருக்கிறது.

ஆனால் இதயத்தைச் சோதிக்காமல் வாயு என்று முடிவுகட்டுவது பெரும் அபாயம். மாரடைப்பின்போது பெண்களுக்கு நெஞ்சுவலியோடு மூச்சிரைப்பு, குமட்டல், தாடையிலோ முதுகிலோ வேதனை, காரணமற்ற அயர்ச்சி ஆகியவையும் சேர்ந்து வரக்கூடும். அவர்களுடைய இருதய நோய் கண்டறியப்படாமல் விடுபட்டுப்போகும் சாத்தியம் மிகுதி என்று 2021இல் வெளியான அமெரிக்க நெஞ்சுவலி வழிகாட்டு நெறிகளே எச்சரிக்கின்றன. புதிதாகவோ கடுமையாகவோ வலி எழுந்தால், வியர்வை கொட்டினால், தைலத்தைத் தேடாமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டும்.

பரிசோதனைகள் முடிந்து இதயம் நலமென்று தெளிந்தபின், பெரும்பாலும் குற்றவாளியாக நிற்பது உணவுக்குழாய். இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் புறப்படும் நரம்புகள் தண்டுவடத்தின் ஏறக்குறைய ஒரே பகுதிகளில் வந்து சேர்வதால், வலி எங்கிருந்து வந்ததென்று மூளையால் பகுத்தறிய முடிவதில்லை. இரைப்பையின் அமிலம் மேலெழுந்தாலும் நெஞ்சு பிசைகிறது. சிலருக்கு அமிலம் மிகையாக இல்லாமலே, அக்குழாயின் நரம்புகள் சிறு விரிவையும் பெருவேதனையாக உணர்கின்றன. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பது சிகிச்சையும் ஆகும், காரணத்தைக் காட்டும் சோதனையும் ஆகும். புளிப்பும் காரமும் கூடிய லக்சா நூடுல்ஸ் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டவர்கள் அதைக் குறைப்பதும், இராப்போஜனத்துக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவதும் பயன்தரும்.

உணவுக்குழாயைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் குருத்தெலும்பில் அழற்சி இருந்தால், விரலால் அழுத்தியதும் அதே வலி திரும்பும். திடீர்ப் பீதியால் மூச்சு விரைந்தாலும் நெஞ்சு இறுகும். இருதயத்தின் பெரிய நாளங்களில் அடைப்பில்லை என்று ஆஞ்சியோகிராம் காட்டினும், அதன் கண்ணுக்கு எட்டாத நுண்ணிய நாளங்களில் கோளாறு இருக்கக்கூடும். பெண்களிடம் அதிகம் காணப்படும் இது இருதய நோயே ஆதலால், நடக்கும்போதோ படியேறும்போதோ வரும் வலியை மருத்துவரிடம் மீண்டும் சொல்லத் தயங்கலாகாது.

இருதயத்தில் குறையில்லை என்றபின்னும் தொடரும் வலியை மனக்கற்பனை என்று தள்ளுவோருக்கு 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். இருதய நாளங்கள் சீராக இருந்தும் வலியால் வருந்திய 60 பேருள், மனச்சோர்வுக்குரிய இமிப்ரமின் மருந்தைச் சிறிய அளவில், இரவுதோறும் 50 மில்லிகிராமாக உட்கொண்டோரின் நெஞ்சுவலி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது; மனநோய் உடையோரிடமும் இல்லாதோரிடமும் பலன் வேறுபடவில்லை. நரம்புகள் வலியை உணரும் கூர்மையையே அம்மருந்து தணித்தது என்று கருத இடமுண்டு. ஆகவே மருத்துவர் அத்தகைய மாத்திரையை எழுதித் தந்தால், தம்மைப் பைத்தியம் என்று எண்ணிவிட்டார் என மனம் புண்பட வேண்டியதில்லை. வயிறு விரிய நிதானமாக மூச்சிழுக்கும் பயிற்சியையும் மனநல ஆலோசனையையும் இதனோடு சேர்த்தே அவர் பரிந்துரைக்கக்கூடும்.