மாறிவரும் காலத்தில் தொழிலில் வெல்வது எப்படி?

தாத்தா செய்த தொழிலைத் தந்தை செய்வதில்லை. தந்தை செய்யும் தொழிலைப் பிள்ளைகள் செய்வார்கள் என்பதற்கும் உறுதியில்லை. இதை உணர நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நமது கோவிலம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பாட்டிமார் நெல் வயல்களையும் ஏரிப் பாசனத்தையும் பற்றிக் கூறுவார்கள். இன்று பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் இருநூறு அடிச் சாலை நம் ஊர் வழியாகச் செல்கிறது. மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் எழுந்துள்ளன. ஏர் பிடித்த குடும்பங்களின் பிள்ளைகள் கடை வைத்திருக்கிறார்கள், வாகனம் ஓட்டுகிறார்கள், கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் பயிலும் எங்களுக்கு இது வெறும் வேடிக்கை அன்று. பொதுத்தேர்வு முடிந்ததும் எந்தப் பிரிவில் சேர்வது என்று நாங்கள் முடிவு செய்தாக வேண்டும். "எதைப் படித்தால் வேலை நிச்சயம்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறார்கள். இதற்கு விடை காண, நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் தொழில் வரலாற்றை நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

தோல் தொழில் தரும் பாடம்

குரோம்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையால்தான் அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது. ஆங்கிலேயரான சேம்பர்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நடத்தினார்.

அதற்கு முன் நம் நாட்டில் தோலை எவ்வாறு பதனிட்டார்கள்? ஆவாரம் பட்டையை ஊறவைத்த தொட்டிகளில் தோலை இட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1903ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஒரு புதிய முறையைச் சோதித்துப் பார்த்தார். குரோமிய உப்புக் கரைசலில் தோலை இட்டு, சுழலும் டிரம்களில் பதனிடுவதே அம்முறை. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களில் முடிந்தது. இது தோல் தொழில் கண்ட முதல் மாற்றம். இங்கே மாறியது செய்முறை.

இரண்டாவது மாற்றம் அரசாங்கத்தின் விதியால் வந்தது. நம் நாட்டார் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் கப்பலேற்றி வந்தார்கள். அதை வாங்கிய வெளிநாட்டார் செருப்பும் பையும் செய்து அதிக விலைக்கு விற்றார்கள். 1973இல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடை செய்து, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. "இனி எப்படிப் பிழைப்பது?" என்று வருந்திக்கொண்டே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். தோலை முழுமையாக மெருகேற்றவும், அதைக் கொண்டு காலணி தைக்கவும் கற்றுக்கொண்டவர்கள் முன்னேறினார்கள். அடையாற்றில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதற்குப் பெருந்துணையாக நின்றது.

மூன்றாவது மாற்றம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஆலைகளின் கழிவுநீர் கிணறுகளையும் ஆறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வழங்கியது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத ஆலைகள் இயங்கக் கூடாது என்றும் கூறியது. சிறிய ஆலை தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது இயலாத காரியம். ஆகவே பல ஆலைகள் ஒன்றுகூடிப் பொது நிலையங்களை அமைத்துக்கொண்டன. பல்லாவரத்திலும் அத்தகைய பொது நிலையம் ஏற்பட்டது. போட்டியாளர்கள் கூட்டாளிகளாக மாறினார்கள்.

செய்முறை மாறியது; சந்தை மாறியது; சட்டமும் மாறியது. ஆனால் மனிதனுக்குக் காலணி வேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை. தம் தொழில் எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது என்று அறிந்தவர்கள், பழைய வழி அடைபட்டபோது புதிய வழியைத் தேடினார்கள்.

புதிய உடல், பழைய இயந்திரம்

மாறுவதாகக் காட்டிக்கொண்டு உண்மையில் மாறாமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. அந்நிறுவனத்தின் ஹெரால்டு கார் ஒரு காலத்தில் புகழ்பெற்று விளங்கியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சிறிய கார், குறைந்த எரிபொருள் செலவு. மக்கள் அதை நாடினார்கள். 1985இல் ஸ்டாண்டர்டு நிறுவனம் "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரை வெளியிட்டது. அதன் வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் காரைப் போன்று அழகாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காரின் வழிவந்த இயந்திரம்! விலையும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றுபோனது.

தோழியரே, இது கார்களுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மேசைமேல் புதிய கணினியை வைத்துவிட்டு, வேலையைப் பழைய முறையிலேயே செய்யும் அலுவலகமும் இதைப் போன்றதே. சான்றிதழ்களைச் சேர்த்துக்கொண்டு, அறிவைச் சேர்க்காமல் விடும் மாணவியும் அவ்வாறே. வெளியே வண்ணம் பூசுவது எளிது. உள்ளே இயந்திரத்தை மாற்றுவதே கடினம்.

வாடிக்கையாளர் மறைந்தபோது

இனி வெற்றி பெற்ற ஒரு நிறுவனத்தைக் காண்போம். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிக்கு அருகில் தலைமையகம் கொண்டுள்ள ஜோஹோ நிறுவனம் 1996இல் "அட்வென்ட்நெட்" என்ற பெயரில் தொடங்கப்பட்டது. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்குத் தேவையான மென்பொருளை அது விற்றுவந்தது. 2000ஆம் ஆண்டை அடுத்து உலகெங்கும் கணினி, தொலைத்தொடர்புத் துறைகளில் பெரும் சரிவு ஏற்பட்டது. வாங்குபவர்களே நொடித்துப்போனால் விற்பவர் என்ன செய்வார்?

அந்நிறுவனம் தன் பொறியாளர்களின் திறமையை வேறு பக்கம் திருப்பியது. அலுவலகங்கள் தங்கள் கணினிகளை நிர்வகிக்க உதவும் மென்பொருளை உருவாக்கியது. பிறகு 2005 முதல், கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் இணையத்தின் வழியே பயன்படும் மென்பொருள்களை வெளியிட்டது. 2009இல் தன் பெயரையே ஜோஹோ என்று மாற்றிக்கொண்டது. விற்ற பொருள் மாறியது. மென்பொருள் எழுதும் திறமை மாறவில்லை.

இன்னொரு செய்தி நம்மைப் போன்ற மாணவியருக்கு மிகவும் முக்கியமானது. மேல்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, கணினிப் பயிற்சி அளித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. பட்டம் இல்லை என்பது கற்கத் தகுதியில்லை என்பதாகாது.

மாற்றத்தின் மறுபக்கம்

மாற்றத்தைப் புகழ்ந்து பேசுவது எளிது. அதன் சுமை எல்லார் தோளிலும் சமமாக விழுவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. மறைமலைநகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரில் உற்பத்தி நின்றது. 2024இல், ஏற்றுமதிக்காக அதே ஆலையைப் பயன்படுத்த விரும்புவதாகத் தமிழக அரசுக்குத் தெரிவித்தது. நிறுவனத்திற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பது ஒரு கணக்கு. மாதச் சம்பளத்தில் வீட்டுக்கடனும் பள்ளிக் கட்டணமும் செலுத்தும் குடும்பத்திற்கு அது வேறு கணக்கு.

ஐம்பது வயதில் வேலை இழந்தவரைப் பார்த்து, "இவர் காலத்திற்கேற்ப மாறவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமா? சிறிய தோல் ஆலை தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாதது போல, தனி மனிதர் தாமே எல்லா மாற்றத்தையும் தாங்க முடியாது. பயிற்சி, சேமிப்பு, சங்கம், அரசின் உதவி, உற்றார் துணை ஆகிய அனைத்தும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, அடிப்படையை உறுதியாக்கிக்கொள்ள வேண்டும். பிழையின்றி எழுதுதல், தெளிவாகப் பேசுதல், கணக்குப் போடுதல் ஆகியவை எந்தத் தொழிலுக்கும் உதவும். தட்டச்சுப் பயிலகத்தில் விரல் பழகிய நம் அத்தைமார், தட்டச்சுப் பொறி போய்க் கணினி வந்தபோது தடுமாறவில்லை. பொறி மாறினாலும் விரல்களின் பழக்கம் அவர்களுடனேயே வந்தது.

இரண்டாவதாக, ஒரு தொழிலைக் காணும்போது "இது எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது?" என்று கேட்டுப் பழக வேண்டும். தையல் கடை துணியைத் தைக்கிறது என்பது பாதி விடை. ஒருவர் தமக்குப் பொருந்திய உடையை உடுத்த உதவுகிறது என்பதே முழு விடை. ஆயத்த ஆடைகள் குவிந்த பின்னும், அளவு திருத்தித் தரும் தையற்காரருக்கு வேலை இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, வேலை நன்றாக நடக்கும்போதே அடுத்ததைக் கற்க வேண்டும். சிறிதாவது சேமிக்க வேண்டும். வெள்ளம் வந்த பின் அணை போட முடியாது. பெண்கள் சம்பாதித்தாலும் பணத்தின் கணக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வங்கிப் புத்தகத்தைப் படிக்கத் தெரிவதும் ஒரு தொழிற்கல்வியே.

நான்காவதாக, தனித்து ஓடாமல் சேர்ந்து நடக்க வேண்டும். நமக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் அறிவு குறைவதில்லை.

முடிவாக, "எதைப் படித்தால் வேலை நிச்சயம்?" என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இதுதான்: எந்தப் பிரிவும் வாழ்நாள் முழுவதற்கும் உறுதி தராது. அறிவியல் பிரிவோ, வணிகவியலோ, தொழிற்கல்வியோ, நமக்கு ஆர்வமுள்ளதைத் தேர்ந்தெடுப்போம். அதை அரைகுறையாக அன்றி ஆழமாகக் கற்போம். அது ஒரு நாள் பழையதாகிப் போனால், மீண்டும் முதல் பெஞ்சில் அமர்ந்து கற்கக் கூச்சப்படாமல் இருப்போம். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோரிடமும் இதைப் பணிவோடு எடுத்துரைப்போம்.