டர்பன்டைன் மரத்தின் மொட்டும் இலக்கணமும்

பசறைப் பக்கத் தேயிலை மலைகளின் ஓரங்களில் நெடுநெடுவென்று நிற்கும் யூகலிப்டஸை மலையகத்தில் டர்பன்டைன் மரம் என்போம். கொழுந்தை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டித் தோட்டங்கள் வளர்த்த மரம் இது.

அதன் மொட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் சிறு கிண்ணம், அதன்மேல் கூம்பாக ஒரு மூடி. மற்றப் பூக்களில் தனித்தனியாக விரியும் பாகங்கள் இதில் ஒன்றாக ஒட்டி மூடியாகிவிடுகின்றன. உள்ளே சுருண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் நிமிரும்போது மூடி முழுதாகக் கழன்று விழும். பிறகு தெரிவது வெண்மையான தாள்களின் குஞ்சம்தான். இதழ் என்று சொல்ல ஒன்றும் இராது.

1777இல் கப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தின்போது டேவிட் நெல்சன் தாஸ்மானியாவில் யூகலிப்டஸ் வகையொன்றின் கிளையைச் சேகரித்தார். 1780களின் இறுதியில் அந்தக் காய்ந்த மாதிரியைக் கொண்டு பெயரிட்டவர் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே. கிரேக்கத்தில் 'எயு' என்றால் நன்றாக, 'கலுப்டொஸ்' என்றால் மூடப்பட்ட. அந்தப் பெயரடை லத்தீனுக்குள் வந்தபோது 'ஒஸ்' ஈறு 'உஸ்' ஆனது.

இலக்கணத்தின் சுவையே இங்குதான். வலிய ஆண், வலிய பெண், வலிய மரம் என்று தமிழில் பெயரடை மாறாமல் நிற்கும். லத்தீனிலோ ஆண்பாலுக்கு ரோபஸ்டஸ், பெண்பாலுக்கு ரோபஸ்டா, அலிபாலுக்கு ரோபஸ்டம். 'உஸ்' பெரும்பாலும் ஆண்பால் ஈறு. ஆகவே யூகலிப்டஸ் ரோபஸ்டஸ் என்றுதானே எதிர்பார்ப்போம்? 1793இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் வைத்த பெயரோ யூகலிப்டஸ் ரோபஸ்டா.

லத்தீனில் மரப்பெயர்கள் பொதுவாகப் பெண்பால். 'உஸ்' என முடியும் ஓக் மரத்தின் குவெர்கஸும் பெண்பாலே. கிரேக்கத்திலும் இதற்கு இடமுண்டு. அங்கே கூட்டுப் பெயரடைகள் பெரும்பாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'ஒஸ்' ஈற்றையே கொள்ளும்; அலிபாலுக்குத்தான் 'ஒன்'. வெறும் ஈற்றை வைத்துப் பாலை முடிவுசெய்தால் தவறிவிடுவோம். கூடவரும் பெயரடைதான் உண்மையைச் சொல்லும்.

இலங்கையில் பரவலாக நடப்பட்ட யூகலிப்டஸ் கிராண்டிஸ் இந்த ஐயத்துக்கே இடம் தராது. கிராண்டிஸ் என்ற வடிவம் ஆண், பெண் இருபாலுக்கும் பொது. இங்கு வளரும் இன்னொன்று மைக்ரோகோரிஸ். 'சிறிய தலைக்கவசம்' என்று பொருள்படும் இந்தக் கிரேக்கச் சொல்லும் மொட்டின் மூடியையே குறிக்கிறது. ஆனால் அது பெயர்ச்சொல்லாகவே நிற்பதால், எந்தப் பாலுக்கும் ஈறு மாற்றிக்கொள்வதில்லை.