காப்பவர் இல்லாத களம்

மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் வீதியில் உள்ள உயிலங்குளத்தின் பெயரைக் கேட்டதும் நடுவயதைக் கடந்தவர்களின் நினைவில் முதலில் எழுவது சோதனைச் சாவடிதான். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையில் மக்கள் கடந்து செல்லத் திறக்கப்பட்ட வழிகளுள் அதுவும் ஒன்று. அந்த நாட்கள் மறைந்துவிட்டன. இன்று மாலை வேளைகளில் மன்னார்ப் பெருநிலத்தின் திடல்களில் காணக்கூடியது பந்தைத் துரத்தும் சிறுவர் கூட்டத்தையே. அவர்களில் ஒருவனை அழைத்து, எந்த இடத்தில் ஆட விரும்புகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'முன்னுக்கு' என்பதாகவே இருக்கும்.

பின்னால் நிற்பவன் யார்? வேகம் குறைந்தவன், புதிதாக வந்தவன், அல்லது மற்றவர்கள் முன்னிடங்களைப் பிடித்துக்கொண்ட பின்னர் எஞ்சியவன். கோல் அடிப்பவனைத் தோளில் தூக்குகிறோம். கோல் விழாமல் தடுத்தவனின் பெயர் கூட நமக்கு நினைவிருப்பதில்லை. இது சிறுவர்களின் குறையன்று, நாம் வளர்த்துவிட்ட பழக்கம். இப்பழக்கத்துக்கு நாடு கொடுத்த விலை சிறிதல்ல.

1995 ஆம் ஆண்டில் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 1–0 என வென்றது இலங்கை அணி. 2006 இல் ஆசிய சவால் கிண்ணத்தின் இறுதி ஆட்டம் வரை சென்றது. அதன் பின்னர் ஏற்பட்ட சரிவை எண்களே எடுத்துரைக்கும். 2019 ஒக்டோபரில் தென் கொரியாவிடம் 0–8 எனத் தோல்வி. 2022 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில் கணக்கில் கொள்ளப்பட்ட ஆறு ஆட்டங்களில் இலங்கை பெற்ற கோல்கள் 2, வாங்கிய கோல்கள் 23. பீபா தரவரிசையில் நாடு 207 ஆம் இடம் வரை வீழ்ந்தது.

வலிமை மிக்க அணிகளிடம் தோற்பது வெட்கத்துக்குரியதன்று. ஆனால் பின்வரிசையால் தாங்க முடியாத அணி, தன் முன்கள வீரரின் திறமையையும் காட்ட இயலாது. பந்தை மீட்டுக் கொடுப்பதற்கே ஆளில்லாதபோது முன்னால் நிற்பவன் என்ன செய்வான்?

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டிலும் இதே முறைப்பாடு எழுந்துள்ளது. நம் வாசகர்களில் பலர் பார்த்திராத ஆட்டம் அமெரிக்கன் ஃபுட்போல். அதில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். பந்து அவர் கைக்கு வந்த கணத்திலேயே எதிரணியினர் அவரை வீழ்த்தப் பாய்கின்றனர். ஏறத்தாழ மூன்று விநாடிகள் அவருக்குக் கிடைத்தால் பெரிது. அந்த விநாடிகளைப் பெற்றுத் தருவது அவர் முன் அரணாக நிற்கும் ஐவர். ஒவ்வொருவரும் 140 கிலோகிராம் எடையை ஒட்டியவர்கள். புள்ளி பெறும் வாய்ப்பு அவர்களுக்கு மிக அரிது. அவர்கள் தவறிழைத்தால் மட்டுமே அரங்கம் அவர்களைக் கவனிக்கும்.

1985 நவம்பரில் ஜோ தீஸ்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் கால் எலும்பு, கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கையில் முறிந்தது. அவர் பின்னர் ஒருபோதும் களம் இறங்கவில்லை. காப்பு வரிசையின் மதிப்பு அத்தகைய இழப்புகளால்தான் உணரப்பட்டது. இன்று அந்த வரிசையின் முன்னணி வீரர்கள் ஆண்டொன்றுக்கு இரண்டு கோடி டொலருக்கும் அதிகமாக ஊதியம் பெறுகின்றனர்.

அவ்வாறிருந்தும் அந்த வரிசையின் தரம் குன்றிவிட்டது என்று அங்குள்ள பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகக் குறைப்படுகின்றனர். அவர்கள் சுட்டும் காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. பல்கலைக்கழக அணிகள் பந்தை உடனுக்குடன் எறிந்துவிடும் வேகமான பாணிக்கு மாறிவிட்டதால், எதிரியை நெடுநேரம் தாங்கி நிற்கும் கலையைக் கற்காமலேயே இளைஞர்கள் தொழில்முறைக்கு வருகின்றனர். 2011 ஆம் ஆண்டு ஒப்பந்தம், காப்புக் கவசம் அணிந்து மோதிப் பயிலும் நாட்களைப் பருவம் முழுவதற்கும் 14 ஆக மட்டுப்படுத்தியது. காயங்களாலும் அணி மாற்றங்களாலும் ஐவரும் நிலையாகச் சேர்ந்து நிற்பதும் அரிதாகிவிட்டது. எதிர்த்து வருபவர்கள் முன்னரைவிட வேகமானவர்களாகிவிட்டனர் என்போரும் உளர்.

அந்தப் பயிற்சிக் கட்டுப்பாடு தவறானது என்று கூறிவிட முடியாது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடிகளால் மூளை பாதிக்கப்பட்ட பழைய வீரர்களின் துயரம் அதற்குப் பின்னால் இருக்கிறது. எனினும் ஓர் உண்மை அதனால் வெளிப்பட்டது. வேகமும் பலமும் தனி மனிதனோடு பிறக்கலாம். வரிசையாக நின்று காக்கும் திறனோ, ஒன்றாகப் பழகிய நாட்களிலிருந்தே பிறக்கிறது.

உதைபந்தாட்டத்திலும் இதுவே நியதி. ஓஃப்சைட் விதியை எடுத்துக்கொள்வோம். எதிரணி முன்கள வீரர், பந்து அவரை நோக்கி உதைக்கப்படும் கணத்தில் கடைசிக்கு முந்திய காப்பாளரைத் தாண்டி நின்றால் அது குற்றம். ஆகவே நான்கு பின்கள வீரர்களும் ஒரே கணத்தில் ஓரடி முன்னேறினால் எதிரி பொறியில் சிக்குவார். மூவர் முன்னேறி ஒருவர் தங்கிவிட்டால் பொறி அறுந்துவிடும். கோல் காப்பாளர் தனித்து விடப்படுவார். அந்த ஓரடியைத் தீர்மானிப்பது ஒரு குரல், ஒரு பார்வை, பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்ற நம்பிக்கை. இத்தாலியின் மிலான் அணி 1993–94 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே வாங்கியது. பரேசி, மல்தீனி, கொஸ்தகுர்த்தா, தசோத்தி ஆகியோர் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடியமையே அதன் இரகசியம்.

அத்தகைய தொடர்ச்சி நமக்கு வாய்த்ததா? நிருவாகச் சச்சரவுகளால் 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பீபா இலங்கையை இடைநிறுத்தியது. நிலையான லீக் இல்லாத நிலையில் திறமையுள்ளோர் மாலைதீவுக் கழகங்களை நாடிச் சென்றனர். மன்னார் மண் தந்த தேசிய அணியின் பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸும் அவ்வாறு சென்றவரே. 2022 பெப்ரவரியில் அவர் மாலைதீவில் மறைந்த செய்தி இம்மாவட்டத்தைத் துயரில் ஆழ்த்தியது. பின்களத்தில் நின்றே நாட்டின் சீருடையை அணியலாம் என்பதற்கு அவர் சான்றாக விளங்கினார்.

அண்மைக் காலத்தில் ஒரு மாற்றமும் தென்படுகிறது. 2024 செப்டம்பரில் கம்போடியாவை பெனால்டி உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்கு இலங்கை முன்னேறியது. 2025 மார்ச்சில் தாய்லாந்திடம் அதன் சொந்த மண்ணில் 0–1 என்றே தோற்றது. வெளிநாடுகளில் பயின்ற இலங்கை வம்சாவளியினர் அணியில் இணைந்தமை இதற்கு முக்கிய காரணம். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ரோர் கழகத்தில் நெடுங்காலம் ஆடிய பின்கள வீரர் ஜாக் ஹிங்கர்ட் அவர்களில் ஒருவர். அவர்களை வரவேற்போம். ஆயினும் காக்கும் கலையை இறக்குமதி செய்தே வாழ இயலுமா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

மன்னாருக்கு இவ்வினா இன்னும் ஆழமானது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் விடத்தல்தீவும் முசலியும் தம் மக்களை இழந்தன. அவர்களுள் பெருந்தொகையானோர் புத்தளத்தில் அகதிகளாயினர். தமிழ்க் குடும்பங்கள் தமிழகத்துக்கும் வன்னிக்கும் சிதறின. வீடும் நிலமும் மட்டுமா போயின? ஒரே திடலில் வளர்ந்து, ஒருவர் குரலை மற்றவர் அறிந்து ஆடவேண்டிய ஒரு தலைமுறையே பிரிந்து போனது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இங்கேயே இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் புதிதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெருநிதி தேவையில்லை. பாடசாலைப் பயிற்றுநர் நான்கு மாணவரைத் தெரிந்து, இரண்டு ஆண்டுகளுக்கேனும் அவர்களைப் பின்வரிசையில் ஒன்றாக வைத்திருக்கலாம். வாரத்தில் ஒரு மாலையைக் காப்புப் பயிற்சிக்கென்றே ஒதுக்கலாம். போட்டி ஒழுங்கமைப்பாளர்கள் அதிக கோல் அடித்தவருக்குத் தரும் கிண்ணத்தைப் போல் சிறந்த பின்கள வீரருக்கும் ஒன்றைத் தரலாம். பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி, உயிலங்குளம் என ஊர் கலந்து, இனம் கலந்து மாவட்ட இளையோர் அணி ஒன்றைத் தொடர்ந்து பேணலாம்.

பக்கத்தில் நிற்பவன் எந்த ஊரவன், எந்த மதத்தவன் என்று பின்வரிசையில் நிற்பவன் பார்ப்பதில்லை. தான் ஓரடி முன்னே வைக்கும்போது அவனும் வைப்பானா என்பதை மட்டுமே பார்க்கிறான். ஒரு காலத்தில் மக்களைப் பிரித்து நின்ற உயிலங்குளத்தில் நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தைக் கற்றால், பயன் விளையாட்டோடு மட்டும் நின்றுவிடாது.