"நீ கொடுத்து வைத்தவள்" என்று சொல்லாதீர்கள்!

எங்கள் ஒரகடத்தில் புதிதாக யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "சொந்த ஊர் எது?" என்பதுதான். இருங்காட்டுக்கோட்டை, வல்லம், மாத்தூர் என்று தொழிற்சாலைகள் வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் அவ்வளவு பேர். கீழ்ப் போர்ஷனுக்குக் குடிவந்த பெண்ணிடம் நானும் அப்படித்தான் கேட்டேன். "சேலம்னு வெச்சுக்குங்க அக்கா" என்றாள். வெச்சுக்கிறதா? இதென்ன பதில் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவளும் அவள் கணவரும் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால், என் அடுப்பங்கரையில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் கீழே போவாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஆனாலும் சிநேகிதி என்றுதான் சொல்ல வேண்டும். அவள் முழுகாமல் இருந்தபோது முதல் செக்கப்புக்கு நான்தான் துணைக்குப் போனேன். "உங்கம்மாவுக்குச் சுகர் உண்டா? பி.பி.? குடும்பத்துல யாருக்காவது இரட்டைக் குழந்தை?" என்று நர்ஸம்மா வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே போனார். இவள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னாள், தான் தத்துக் குழந்தை என்று.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று ஏற்பாடு. மறு வருஷம் அப்படி ஒரு தொட்டிலில் கிடைத்தவள் இவள். வளர்த்தவர்கள் அவளிடம் சொல்லவே இல்லை. அப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியத்தன்று, சொத்துப் பேச்சில் ஓர் உறவுக்காரர் சபையில் போட்டு உடைத்துவிட்டார். "தொட்டில்ல கெடந்ததுக்குப் பங்கு வேறயா?" அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. (உறவுக்காரர் சொன்னது சட்டமும் இல்லை. 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, முறையாகத் தத்து எடுத்த நாளிலிருந்து அவள் அந்த வீட்டுப் பெண்தான். பங்கும் உண்டு.)

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆறுதல் என்று நினைத்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "நீ கொடுத்து வெச்சவடி. இல்லேன்னா உன் கதி என்ன ஆகியிருக்கும்?" என்றேன். "பெத்தாத்தான் பிள்ளையா?" என்றேன். "ஆண்டாளே துளசிச் செடியடியில கெடைச்ச குழந்தைதானே" என்றும் சொல்லி வைத்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக்காரிக்கு வேறென்ன உதாரணம் தோன்றும்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆண்டாளை யாரும் உங்கம்மாவுக்குச் சுகர் உண்டான்னு கேக்கலையே அக்கா."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பிறகு ஒரு நாள் அவளே விளக்கினாள். "கொடுத்து வெச்சவன்னு எல்லாரும் சொல்றப்போ, அழறதுக்குக்கூட உரிமை இல்லாமப் போயிடுது அக்கா. அழுதா நன்றி கெட்டவன்னு ஆயிடும்." வளர்த்த அம்மா மேல் அவளுக்கு உயிர். அதனாலேயே பெற்றவளை நினைப்பது துரோகம் போல் இருந்திருக்கிறது. சேலம் பஸ் ஸ்டாண்டில் ஐம்பது வயசுப் பெண்கள் யாரைக் கண்டாலும், தன் மூக்கு ஜாடை இருக்கிறதா என்று கண் தானாகத் தேடுமாம்.

அதற்கப்புறம் என் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவள் சொல்லும்போது கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குப் பேச்சு வராது. காலனியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. இதையும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை. மசக்கையின் மிச்சம் என்று நான் அலட்சியமாக இருந்தது தப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். 14416 என்ற அரசு மனநல எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு விடியற்காலையில் அவள் பேசினாள். சுகர் விஷயமும் அப்படியொன்றும் பெரிதில்லை. "குடும்ப விவரம் தெரியாது" என்று சொன்னாலே போதும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கிறார்கள். 140-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. இவளுக்கு 118.

பெற்றவளைத் தேடலாமா என்ற கேள்வி அதோடு தீரவில்லை. பதினெட்டு வயது முடிந்தவர்கள் 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்துக்குத் தாங்களே மனுப் போடலாம். அவளுக்காக நான் போடலாமா என்று பார்த்தேன். மூன்றாம் மனுஷர் போட முடியாதாம். அதுவும் நியாயம்தான். பெற்றவள் தன்னைத் தெரியப்படுத்த விரும்பாவிட்டால் அந்த ரகசியத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதிலும் பெயர் எழுதாமல் தொட்டிலில் விட்டுப் போனவர்களைப் பற்றிக் காகிதத்தில் என்ன இருக்கப் போகிறது? இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் யோசித்தாள். போடு என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அவள் அம்மா வந்தார். வளையல் அடுக்கிய அன்று ராத்திரி இவள் சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். காலையில் காப்பியோடு நான் கீழே போனபோது, மஞ்சப்பையிலிருந்து லாமினேட் செய்த ஒரு தாளை எடுத்து மகள் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை கிடைத்த தேதி, எடை 1 கிலோ 850 கிராம், நீலக் கோடு போட்ட துண்டில் சுற்றியிருந்தது என்று ஒரு வரி. "நீ கேப்பேன்னு முப்பது வருஷமா வெச்சிருக்கேன் கண்ணு. நானா எடுத்துக் குடுக்கத்தான் பயம்" என்றார்.

மனுவை அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்து சேர்ந்தேதான் பூர்த்தி செய்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. அந்த அம்மாவும் ஊருக்குத் திரும்பவில்லை. பிரசவம் பார்த்துவிட்டுத்தான் போவாராம். இப்போதெல்லாம் கீரை ஆய நாங்கள் மூன்று பேர்.