ஒரே வைட்டமின், பல உருவங்கள்

மருந்துக்கடைகளில் வைட்டமின் சி இன்று மென்று தின்னும் மாத்திரையாகவும், தண்ணீரில் நுரைத்துக் கரையும் வில்லையாகவும், அமிலத்தன்மை நீக்கப்பட்ட பொடியாகவும், கொழுப்புக் குமிழிகளில் பொதிந்த லைப்போசோம் திரவமாகவும் கிடைக்கிறது. இவற்றின் விலைகளுக்கிடையே பல மடங்கு வேறுபாடு இருந்தாலும், குருதியில் சேரும்போது இவை அனைத்தும் அஸ்கார்பேட் என்னும் ஒரே பொருளாகவே சேர்கின்றன. ஆடு, மாடு உள்ளிட்ட பெரும்பாலான பாலூட்டிகள் தம் கல்லீரலில் குளுக்கோஸிலிருந்து இப்பொருளைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அதற்கான கடைசி நொதியை உருவாக்கும் மரபணு செயலிழந்துபோனதால் மனிதர் இதை உணவிலிருந்தே பெற வேண்டியுள்ளது. ஆட்டின் கல்லீரல் செய்யும் வேலையைத் தொழிற்சாலையில் செய்துகாட்டும் வழியை 1933-இல் ததேயுஸ் ரைக்ஸ்டைன் வகுத்தார். இன்றைய மாத்திரைகளுக்கும் மூலப்பொருள் மாவுச்சத்திலிருந்து பெறும் குளுக்கோஸ்தான். பழத்திலுள்ள வைட்டமினும் இதுவும் அமைப்பில் ஒன்றே என்பதாலும், மனிதரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் உடல் இவற்றை ஏற்கும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதாலும், 'இயற்கையானது' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நியாயம் இல்லை.

வடிவத்தைவிட அளவே முக்கியம் என்பதை 1996-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் லெவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. நலமான ஏழு பேரை நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, வைட்டமின் சி ஏறத்தாழ இல்லாத உணவைக் கொடுத்து, நாளொன்றுக்கு 30 முதல் 2,500 மில்லிகிராம் வரை படிப்படியாக வைட்டமினை ஏற்றிப் பார்த்தபோது, ஒரே வேளையில் தரப்பட்ட 200 மில்லிகிராம் முழுவதும் உடலில் சேர்ந்தது. 500 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுத்தபோது உறிஞ்சப்படும் பங்கு குறைந்ததோடு, உறிஞ்சப்பட்டதும் சிறுநீரில் வெளியேறியது. குடலின் உட்சுவரில் இந்த வைட்டமினை உள்ளே கடத்தும் புரதங்கள் ஓர் எல்லைக்கு மேல் வேலை செய்ய இயலாதவை. சிறுநீரகமோ குருதியில் மிகுந்ததை வெளியேற்றிவிடுகிறது. ஆகவே, ஆயிரம் மில்லிகிராம் மாத்திரை ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரையின் இரட்டைப் பயனைத் தருவதில்லை.

எனினும் வடிவங்கள் முற்றிலும் ஒன்றென்று கூறிவிட முடியாது, ஏனெனில் வைட்டமினோடு சேர்ந்து வருபவை வேறுபடுகின்றன. தனி அஸ்கார்பிக் அமிலம் மலிவானது. ஆனால் நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், நெடுநேரம் வாயில் வைத்துச் சப்பினால் பல்லின் எனாமலையும் அரிக்கும். அமிலத்தைச் சோடியத்தோடோ கால்சியத்தோடோ சேர்த்து உப்பாக்கினால் புளிப்பும் எரிச்சலும் குறைகின்றன. அந்தச் சேர்க்கைக்கும் எடை உண்டு என்பதால், 450 மில்லிகிராம் சோடியம் அஸ்கார்பேட்டில் இருப்பது ஏறக்குறைய 400 மில்லிகிராம் வைட்டமினும் 50 மில்லிகிராம் சோடியமுமே. அட்டையில் அச்சிடப்பட்ட எண் உப்பின் எடையா, வைட்டமினின் எடையா என்று பார்த்து வாங்குவது நல்லது. நுரைக்கும் வில்லைகளில் சோடியம் பைகார்பனேட்டும் கலந்திருப்பதால் சிலவற்றில் சோடியம் 200 மில்லிகிராமைத் தாண்டும். உப்பைக் குறைக்கும்படி அறிவுறுத்தப்பட்ட இரத்த அழுத்தக்காரர்களும் இதய நோயாளிகளும் அதைத் தினசரிப் பானமாகக் கொள்வது தகாது. கால்சியம் அஸ்கார்பேட்டில் அந்தக் கவலை இல்லை.

கொழுப்பில் கரையும் அஸ்கார்பில் பால்மிடேட், உட்கொண்டால் பெரும்பாலும் குடலிலேயே பிரிந்து சாதாரண வைட்டமினாகிவிடுகிறது; உணவுப்பொருள் கெடாமல் காப்பதிலும் தோல் பூச்சுகளிலும்தான் அதற்கு வேலை. லைப்போசோம் வகை குருதியில் வைட்டமின் அளவைச் சாதாரண மாத்திரையைவிட ஓரளவு கூட்டுவதாகச் சிறு ஆய்வுகள் காட்டினாலும், அந்தக் கூடுதலால் நோய் குறைகிறது என்பது பெரிய ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. அதன் விலையோ மிக அதிகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த நாளளவு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம். நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமளவு உண்டு என்பதால், பழமும் காய்கறியும் ஒழுங்காக உண்பவருக்கு மாத்திரைத் தேர்வு பெரும்பாலும் தேவையற்ற கவலை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமே உச்சவரம்பு என்று அமெரிக்காவில் வகுக்கப்பட்டுள்ளது. அதைக் கடந்தால் வயிற்றுப்போக்கு வரக்கூடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அந்த வரம்புக்குள்ளேயும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உடலில் சிதையும் வைட்டமின் சி-யின் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறுகிறது, கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. வைட்டமின் சி மாத்திரை உட்கொண்ட ஸ்வீடன் ஆண்களிடம் இக்கல் ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டதாக 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆக்ஸலேட் அஸ்கார்பேட்டிலிருந்தே உருவாவதால், வயிற்றுக்கு இதமான உப்பு வடிவத்திற்கு மாறுவது இந்த ஆபத்தைக் குறைப்பதில்லை.