நர்ஸம்மாவை எங்கள் ஊரிலேயே விடுங்கள்!

பட்டணத்தில் இருக்கும் சகோதரிகளுக்குக் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது ஒரு பெரிய காரியம் இல்லை. தெருக்கோடியில் டாக்டர் இருப்பார். இல்லாவிட்டால் ஆட்டோ இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் வாழ்க்கைப்பட்ட எங்களுக்கோ அந்த வசதி எல்லாம் ஒரே ஓர் அறைக்குள் அடக்கம். அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் பெயர் துணை சுகாதார நிலையம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது 'நர்ஸம்மா ரூம்'.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்த அறையை மூடிவிட்டு, 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய ஊருக்கு மாற்றப் போகிறார்கள் என்று தகவல் வந்தது. இரண்டு காரணம் சொன்னார்கள். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுகிறது என்பது ஒன்று. ஜனத்தொகை போதாது என்பது மற்றொன்று.

இரண்டுமே பொய் இல்லை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பதுதான் துணை நிலையத்துக்கு நாடு முழுவதும் உள்ள அளவு. சுற்றுக் குடியிருப்புகளையும் சேர்த்துக் கொண்டால்கூட நாங்கள் அந்த 5,000-ஐத் தொட மாட்டோம். ஆனால் அந்தக் கணக்கு தலைகளை எண்ணுகிறதே தவிர, தூரத்தை எண்ணவில்லையே!

அந்த அறையில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு மேஜை, எடை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண் கர்ப்பமானதும் முதலில் பெயர் பதிவது அங்கேதான். பதிந்தால் 'பிக்மி' நம்பர் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகைக்கும், பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த நம்பரைத்தான் கேட்பார்கள். ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை தருவதும், கால் வீங்கினால் "ஆஸ்பத்திரிக்குப் போம்மா, தள்ளிப் போடாதே" என்று அதட்டுவதும் நர்ஸம்மாதான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்த குழந்தைக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ஊசி. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஊசி. முதல் ஊசியை எல்லாத் தாய்மார்களும் போட்டுவிடுவார்கள். தூரம் கூடினால் தவறுவது இரண்டாவதும் மூன்றாவதும்தான். எதிர் வீட்டு மதினி இதைத்தான் சொன்னாள்: "ஊசி போட்டா அன்னைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். அனத்துற பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல ஆறு கிலோமீட்டர் நடக்கச் சொன்னா, அடுத்த தடவை எவ போவா?"

நாற்பது பக்க நோட்டு

ஊர்ப் பெரியவர்கள் முதலில் ஒரு மனு கொடுத்தார்கள். 'சமூகம்' என்று ஆரம்பித்து, 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக் கொள்கிறோம்' என்று முடிந்திருந்தது. நடுவில் எங்கள் கஷ்டம் ஒரு வரிகூட இல்லை. பதிலும் வரவில்லை.

பிறகுதான் மகளிர் குழுவில் உட்கார்ந்து பேசினோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, வீடு வீடாகப் போனோம். எந்த வீட்டில் கர்ப்பிணி, எத்தனை மாதம். எந்த வீட்டில் கைக்குழந்தை, அடுத்த ஊசி எப்போது. பெரிய ஊருக்குப் போக பஸ் உண்டா, நடையா. போனால் எத்தனை நாள் கூலி போகும் என்று எழுதினோம். பஸ் வரும் நேரத்தையும் குறித்தோம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதாவது பத்து நிமிஷ வேலைக்கு ஒரு நாள் முழுக்கப் போய்விடும். இந்த விஷயம் எந்த ஆபீஸ் ஃபைலிலும் இல்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் பெண்கள் கூட்டமாகப் போனோம். நோட்டை வாசித்தோம். தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டோம். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தீர்மான நகலையும் நோட்டின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம்.

செப்டம்பரில் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்தார். கூரை மோசம்தான் என்றார். ஆனால் மாற்றம் நின்றது. இப்போது நர்ஸம்மா சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து ஊசி போடுகிறார். மறைப்புக்குச் சேலை கட்டியிருக்கிறோம். புதுக் கட்டடம் வரவில்லை. அதற்கான மனு நடந்துகொண்டிருக்கிறது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதன்கிழமை எங்கள் ஊரிலேயே இருக்கிறது.

மனு எழுதும் சகோதரிகளுக்கு

* ஒரு மனுவில் ஒரே விஷயம். ரோடு, தண்ணீர், ரேஷன் என்று எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள்.

* என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். வர்ணனை வேண்டாம்; கணக்கு வேண்டும்.

* கிராம சபை ஆண்டுக்கு நான்கு நாள் கூடி வந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு நாளாயிற்று. ஊரின் வாக்காளர் யாரும் போகலாம், பேசலாம். தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

* மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

* பதில் இல்லையென்றால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டி, 'எங்கள் மனு என்ன ஆயிற்று?' என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடமானாலும் சரி, பஸ்ஸானாலும் சரி, யாரும் வருவதில்லை என்று சொல்லித்தான் முதலில் கை வைப்பார்கள். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாரும் வேன் ஏறி வெளியூர் போய்விட்டால், அந்தப் பள்ளிக்காக யார் போய்ப் பேசுவது? இருக்கும்போதே போய்ப் பயன்படுத்துங்கள். உங்கள் பெயர் அங்குள்ள பதிவேட்டில் இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் கொடுக்கும் மனுவுக்கு அதுதான் முதல் சாட்சி.